பதினோரு படி பின்னால்

1

இந்தக் கதை எனக்கு என் அழகுணர்ச்சியால் கிடைத்தது. அடுத்த புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளை எடுத்துவிட்டு, கழுத்துச் சதையைக் கொஞ்சம் இறுக்கி, முடிந்தால் ஒரு எட்டு வயதைக் குறைத்துத் தரும்படி கேட்டேன். ஸ்டுடியோக்காரர் வாயைத் திறக்காமல் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு அறிவிப்பு தொங்கியது: 'முகம் திருத்தித் தரப்பட மாட்டாது.'

"வெளிச்சத்த கூட்டலாம், குறைக்கலாம். முகத்துல கை வைக்க மாட்டேன் சார்."

"எல்லா ஸ்டுடியோவுலயும் பண்றாங்களே?"

"நானும் பண்ணிட்டிருந்தவன்தான். உக்காருங்க, சொல்றேன்."

சொன்னார். கதை சூடு பிடித்த இடத்தில் இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே வந்தது. இரண்டும் இரண்டு சுருதியில் அழுதன. "சனிக்கிழம பிரிண்ட் வாங்க வருவீங்கல்ல, மிச்சத்த அப்ப சொல்றேன்" என்று அவர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமைகள் வந்து போய்விட்டன. நான் போகவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் தயவுசெய்து என் மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

2

[கேமரா வழியாகப் பார்த்த அந்த நொடியிலேயே, இருபத்தாறு வருட அனுபவம் கொண்ட அவருடைய கண்கள் எதையோ]

இப்படித்தான் முதலில் ஆரம்பித்தேன். அப்பட்டமான பொய். அவருடைய கண்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கதையே அதுதான்.

[மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ குழாய் வெடித்தாலோ அந்தப் பகுதி செயலிழந்துபோவதைப் பக்கவாதம் என்கிறோம். இதன் முக்கிய அறிகுறிகள்]

இது இரண்டாவது ஆரம்பம். இதில் பொய் இல்லை, ஆனால் இது கதையும் இல்லை, கிளினிக்கில் கையில் திணிக்கிற துண்டுப் பிரசுரம். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. எப்படி வந்தது என்பது இப்போது வேண்டாம்.

ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். இந்தக் கதையில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். நானே நிறுத்தியவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். அடைப்புக்குறி இல்லாமல் ஒரு வாக்கியம் பாதியில் நின்றால், நவீன உத்தி என்று சிலாகித்துக்கொண்டிருக்காதீர்கள். மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். விஷயம் அப்படிப்பட்டது.

3

ஸ்டுடியோவைப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு கவுன்டரும் ஒரு பெஞ்சும். அடுத்து படம் எடுக்கும் அறை: வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு சுழல் ஸ்டூல், ஆணியில் ஒரு கறுப்புக் கோட். வருகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரே கோட்தான். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கிவிடுவார். குண்டானவர்களுக்குப் பொத்தான் போடாமல் முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அதற்கும் உள்ளே, திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு தடுப்பு. கம்ப்யூட்டர் அங்கே இருந்தது.

பாஸ்போர்ட் சைஸ் படம்தான் அவருக்குச் சோறு போட்டது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்காவது அதே வாக்கியங்களைச் சொல்வார். நிமிர்ந்து உக்காருங்க. நாடிய லேசா கீழ. சிரிக்காதீங்க. அசையாதீங்க. பேசாதீங்க. வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுகூட இதில் ஒன்றிரண்டு தானாக வந்துவிடுமாம்.

அன்று காலை பதினொரு மணிக்கு வந்தவர் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அறுபத்தொரு வயது, இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஏஜென்ட் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்று வந்தார். எப்போதும் சிரித்த முகம். சாவு வீட்டிலும் சிரித்துத் தொலைத்துவிடுவாரோ என்று குடும்பத்துக்கே பயம். தொழிலில் கெட்டிக்காரர். எதிரில் உட்காரும் ஆளை இரண்டு நிமிடம் பார்த்தால் போதும், வயது, தொப்பை, மூச்சு வாங்குவது, விரல் இடுக்கில் சிகரெட் கறை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, "இந்த ஆளுக்குக் கம்பெனி யோசிக்கும்" என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் கம்பெனி யோசிக்கும்.

அதே ஆள் தன் விஷயத்தில் பூசி மெழுகுவதில் மன்னன். ரத்தக் கொதிப்பு உண்டா? இல்லை. சர்க்கரை? இல்லை. புகை? இல்லை. அந்தப் படிவத்தை ஊருக்கெல்லாம் நிரப்பிக்கொடுத்துக் கொடுத்து, அவருக்கு 'இல்லை' என்பது தும்மல் மாதிரி வந்துவிடும். பிரஷர் மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால், "மாத்திர போட்டப்பவும் நல்லாத்தான் இருந்தேன், போடாதப்பவும் நல்லாத்தானே இருக்கேன்" என்பார். இந்தத் தர்க்கத்தை நானும் கேட்டிருக்கிறேன். என் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

4

பதினொன்று பத்துக்கு முதல் படம். நன்றாக வந்தது. ஆனால் மச்சானுக்குத் திருப்தி இல்லை. "கோட் போட்டு ஒண்ணு எடுங்க மாப்ள, கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்."

கோட்டை எடுத்து நீட்டினார். இடது கை உள்ளே போனது. வலது கை, கோட்டின் கையைத் தேடித் தேடி வெளியிலேயே நின்றது. ஸ்டுடியோக்காரர் பொறுமையாக அந்தக் கையைப் பிடித்து உள்ளே விட்டார். கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தினமும் செய்கிற வேலைதான். சீப்பை வாங்கிய மச்சான் அதைக் கீழே போட்டார். ஸ்டுடியோக்காரர் பொறுக்கி, அவரே தலை சீவிவிட்டார். வலது தோள் இறங்கியிருந்தது. தூக்கி வைத்தார். மறுபடி இறங்கியது. மறுபடி தூக்கி வைத்தார்.

மச்சான் ஏதோ கேட்டார். வாயில் மிட்டாய் அடக்கிக்கொண்டு பேசுவது மாதிரி கொழகொழவென்று வந்தது.

"பேசாதீங்க மச்சான், வாய் அசையுது."

பேசவில்லை.

"சிரிக்காதீங்க."

சிரிக்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக மச்சான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். நல்ல வேளை, இன்றைக்காவது சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று ஸ்டுடியோக்காரர் சந்தோஷப்பட்டார். பதினொன்று பதினாறுக்குப் படம் எடுத்தார்.*

* என்னிடம் இருக்கும் துண்டுப் பிரசுரம் சொல்வது: 'சந்தேகம் வந்தால் அவரைச் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனை.' நான் இதை முதலில் படித்தபோது எதுவும் தோன்றவில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து இந்த இடத்தைக் கேட்டபோது ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்தது. சிரிக்காதே, அசையாதே, பேசாதே என்று சொல்லும் தொழிலில் இருபத்தாறு வருடம் இருந்த மனிதர் அவர்.

5

மச்சானை முன்னறைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் தடுப்புக்குள் போனார். படம் திரையில் விரிந்தது. வலது வாயோரம் தொங்கியிருந்தது. போன வாரம் பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டதாக மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. போன வாரம் போட்ட ஊசி இன்றைக்கா வாயைத் தொங்க வைக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. கை மௌஸில் இருந்தது, கை யோசிக்காது.

வாயோரத்தைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினார். மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு வலது பக்கத்தில் அழிந்துபோயிருந்தது. இடது பக்கக் கோட்டை நகலெடுத்துத் திருப்பி ஒட்டினார். கன்னத்தை உயர்த்தினார், தோளைச் சமன் செய்தார், காலரை நேராக்கினார். மொத்தம் பதினோரு திருத்தம். சேமித்தார். அச்சடிக்கும் முன் அளவு ஒத்துவருகிறதா என்று பார்க்க, இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த மச்சானின் பழைய படத்தைத் தேடித் திறந்து பக்கத்தில் வைத்தார்.

பழைய படத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை. வெளிச்சம் மட்டும் கூட்டியிருந்தார்.

அப்போதுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த முகத்துக்கு ஏன் இன்றைக்குப் பதினோரு திருத்தம் தேவைப்பட்டது?

எழுந்த வேகத்தில் முழங்கை தடுப்பில் இடித்தது.

6

இங்கே ஒரு ஒப்புதல். ஸ்டுடியோக்காரரின் மனைவியை இந்தக் கதைக்குள் கொண்டுவருவதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். அவர் அப்போது அங்கே இல்லை. ஆனால் ஸ்டுடியோக்காரர் இதைச் சொன்னபோது, மச்சானைவிட மனைவியைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அப்பா போனபிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த அண்ணன்தான். "உங்கண்ணன் முகத்துல வந்தத நான் நேராக்கி, கோட்ட கழட்டி, அனுப்பி வச்சிருந்தா, அவகிட்ட எப்படி சார் போய் நின்னிருப்பேன்?" என்றார். நான் எழுத்தாளன், இப்படிப்பட்ட இடத்தில் குறிப்பெடுக்கக் கூடாது என்ற நாகரிகம் எனக்குண்டு. வெளியே வந்து எடுத்தேன்.

7

முன்னறையில் மச்சான் போனில் பேசிக்கொண்டிருந்தார். கணீரென்று பேசினார். வலது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார். முகம் நேராக இருந்தது. மணி பதினொன்று முப்பத்தொன்று.

[ஒரு கணம் தான் கண்டதெல்லாம் பிரமையோ என்று அவருடைய மனம்]

மனமாவது மண்ணாவது. அவர் போனைப் பிடுங்கி வைத்தார்.

"மச்சான், கைய தூக்குங்க. ரெண்டு கையும்."

"என்ன மாப்ள, கொள்ளையா?"

"தூக்குங்க!"

தூக்கினார். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. சிரித்தார். சிரிப்பு நேராக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் மச்சான். இப்பவே. உங்களுக்கு ஸ்ட்ரோக் மாதிரி ஒண்ணு வந்துட்டுப் போயிருக்கு. வாய் கோணிருந்துச்சு, கை வரல, பேச்சு குழறுச்சு."

"எனக்கா? கை கொஞ்சம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன். இப்ப பாருங்க, ஜம்முனு இருக்கேன். மத்தியானம் மூணு பேர பாக்கணும் மாப்ள."

"வந்துட்டுப் போறதுதான் பயம். மறுபடி வந்தா போகாது."

"எங்க, காட்டுங்க பாப்போம், என் கோண வாய."

உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். திரையில் மச்சான் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய் நேர், தோள் நேர், காலர் நேர்.

"அட, பிரமாதமா வந்திருக்கு! இதப் போய் கோணல்ங்கறீங்க?"

தன் இருபத்தாறு வருடத் திறமையை ஸ்டுடியோக்காரர் முதல்முறையாக வெறுத்தார். நடந்ததற்கு இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே துடைத்து மெழுகி வைத்திருந்தார். கேமரா கார்டைப் பார்க்கலாம் என்றால், படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் கார்டைக் காலி செய்துவிடுவது அவர் வழக்கம். ஆனால் திரையில் இருந்த கோப்பை அவர் இன்னும் மூடவில்லை. மூடாதவரை திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பின்னால் போகலாம்.

ஒரு முறை தட்டினார். காலர் கோணியது.

இன்னொரு முறை. தோள் இறங்கியது.

மச்சான் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பாலிசி, இந்தப் பார்ட்டி, அட்டை எப்போது கிடைக்கும். நான்காவது தட்டலில் கன்னம் சரிந்தது. ஏழாவதில் மூக்கோரக் கோடு மறைந்தது. மச்சானின் பேச்சு நின்றது. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவதில் வலது வாயோரம் தன் இடத்துக்கு இறங்கி வந்து நின்றது. திரையில் இருந்தவர் ஒரு பாதி மச்சானாகவும் மறுபாதி முன்பின் தெரியாத ஒருவராகவும் இருந்தார்.

கீழே நேரம் பதிவாகியிருந்தது: 11:16.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேச்சு இவரிடம் எடுபடாது. தங்கச்சி அழுவாள் என்று சொன்னால் சமாளித்துவிடுவார். கடைசியில் ஸ்டுடியோக்காரர் ஒன்றைக் கேட்டார்.

"மச்சான், இந்த முகத்தோட ஒரு ஆள் உங்ககிட்ட வந்தா, பாலிசி போடுவீங்களா?"

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தொழில் முறையில், நெற்றியிலிருந்து நாடி வரை ஒருமுறை பார்த்தார்.

"போட மாட்டேன்."

எழுந்தார்.

"இதையே பிரிண்ட் போடுங்க. திருத்தாம."

8

மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும் வழியில் மச்சான் தண்ணீர் கேட்டார். ஸ்டுடியோக்காரர் தரவில்லை. அதற்குள் போனில் பிடித்திருந்த மனைவி அப்படி உத்தரவு போட்டிருந்தாள். "டாக்டர் பாக்கறவரைக்கும் வாய்ல ஒண்ணும் குடுக்காதீங்க. புரையேறிடும். அண்ணன் என்ன கெஞ்சினாலும் குடுக்காதீங்க." அவள் அழவில்லை. அண்ணனைத் தனக்கு ஒருமுறைகூடத் திட்டக் கிடைத்ததில்லை என்றும், இன்று வந்து திட்டப்போவதாகவும் சொன்னாள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எல்லோரிடமும் கேட்பதாம். எல்லோரும் 'காலைல இருந்து' என்பார்களாம். ரத்தக்கட்டைக் கரைக்கிற மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதிலும் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து என்றார். ஸ்டுடியோக்காரர், ஒரே தாளில் எட்டுப் படம் போட்ட பிரிண்டை எடுத்து மேசையில் வைத்தார். "பதினொண்ணு பத்துக்கு நல்லா இருந்தாரு. பதினொண்ணு பதினாறுக்கு இது. முப்பத்தொண்ணுக்குத் திரும்ப நேராயிட்டாரு." டாக்டர் படத்தையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நோயாளி தன் நோயை எட்டுப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தது அவருக்குப் புதிது.

அடைப்பு தானாக விலகிவிட்டது, அதனால் இப்போது அந்த மருந்து வேண்டாம், ஆனால் அடுத்தது வருமா என்று எடைபோட வேண்டும் என்று ஒரு தாளை எடுத்தார். "ரத்தக் கொதிப்பு உண்டா?"

"இல்லை."

"சர்க்கரை?"

"இல்லை."

"புகை?"

"இல்..." மச்சான் நிறுத்தினார். "டாக்டர், முதல்லேருந்து கேளுங்க. இந்தத் தடவை உண்மைய சொல்றேன்."

 இது அவர் நிறுத்தியது. நான் இல்லை.

டாக்டர் ஆபத்துக்கு மதிப்பெண் போட்டார். வயதுக்கு ஒன்று. அளந்த பிரஷருக்கு ஒன்று. ஒரு பக்கம் பலவீனம், அதற்கு இரண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்ததற்கு ஒன்று. சர்க்கரைக்கு ஒன்று. ஏழுக்கு ஆறு. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்று மச்சான் சொல்ல, யாரும் சிரிக்கவில்லை.

"முதல் ரெண்டு நாள்தான் ரொம்ப முக்கியம். இங்கயே இருங்க. ஸ்கேன் எடுக்கணும், கழுத்து ரத்தக்குழாய பாக்கணும், இதயத்துடிப்ப கவனிக்கணும்" என்றார் டாக்டர்.

மச்சான் படுக்கையில் ஏறிப் படுத்தார். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தது ஸ்டுடியோக்காரர். அந்த இரண்டாவது நாள் காலையில், என்று அவர் என்னிடம் ஆரம்பித்தபோதுதான் இரட்டைக் குழந்தைகள் வந்தன.

9

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: மாத்திரை வேலை செய்தது. மச்சான் நான்காம் நாள் வீடு திரும்பி, சிகரெட்டை விட்டு, பார்க்கிறவர்களையெல்லாம் கையைத் தூக்கச் சொல்லி இம்சை பண்ணுகிறார்.

இரண்டு: [அந்த இரண்டாவது நாள் காலையில் தங்கச்சி கஞ்சியோடு உள்ளே நுழைந்தபோது, அவர் சிரிக்க முயன்றார், ஆனால்]

மூன்று: இரண்டையும் கலந்து, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, வாயோரத்தை லேசாக ஏற்றி எழுதுவது. இது எனக்கு நன்றாக வரும். பதினெட்டு புத்தகத்தில் செய்திருக்கிறேன்.

நேற்று என் மனைவி இதுவரை எழுதியதைப் படித்தாள். "அப்புறம் என்ன ஆச்சு?"

"தெரியாது."

"போய்க் கேட்டா தெரிஞ்சுடுமே."

"அதான் போகல."

அவள் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திறந்து, பக்க அடையாளமாக வைத்திருந்த சீட்டை எடுத்தாள். கூடவே மடித்த துண்டுப் பிரசுரமும் விழுந்தது. முழங்கால் வலிக்காக ஒரு மாதத்துக்கு முன் கிளினிக்குக்குப் போனபோது, நர்ஸ் சும்மா இருக்காமல் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷரை அளந்து எழுதிக் கொடுத்த சீட்டு அது. மேல் எண் 172, கீழ் எண் 104. ஒரு வாரத்தில் பரிசோதனைகளோடு வரவும்.

ஸ்டுடியோக்காரரும் அன்று நான் கிளம்பும்போது கேட்டார், நாற்பது தாண்டிய எல்லோரிடமும் இப்போது கேட்பதாகச் சொல்லிவிட்டு. "சார், பிரஷர் உண்டா?" நான் சட்டென்று "இல்லை" என்றேன். தும்மல் மாதிரி வந்தது.

"இதுவும் அதானா?" என்றாள் மனைவி, சீட்டைப் பிடித்தபடி. "போனா தெரிஞ்சுடும்னா?"

பயமாக இருக்கிறது என்று சொன்னேன். முப்பது வருடத்தில் அவளிடம் திருத்தாமல் சொன்ன வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அவள் திட்டவில்லை. "நாளைக்கு ஒம்பதரைக்குக் கிளினிக். ஸ்டுடியோ போற வழிதானே. ரெண்டையும் கேட்டுட்டு வந்துடுவோம்" என்றாள்.

இப்போது மணி ஒன்பது ஐந்து. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கதையை இப்படியே, அடித்ததும் கோணியதுமாக விட்டுவிட்டுப் போகிறேன். திரும்பி வந்து நேராக்க மாட்டேன். முடிவு வேண்டும் என்கிறவர்கள் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுப்பதற்கு முன் உங்களுடைய மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஓரத்தில் எழுதிவிட்டு எடுங்கள். தெரியாது என்றால், மச்சானைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவு உரிமை இருந்ததோ, முடிவை எடுக்க உங்களுக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.

வாசலிலிருந்து கூப்பிடுகிறாள். முதலில் ஸ்டுடியோவாம்.

[கதவைத் தள்ளியதும் அவர் கவுன்டரிலிருந்து நிமிர்வார், நான் வணக்கம்கூடச் சொல்லாமல், உங்க மச்சான் இப்ப]

அடைப்புக்குறி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான்தான் நிறுத்தினேன்.